எல்டி (குறைந்த மின்னழுத்த) பேனல் 50 கேஏ, மோட்டார்களைச் சேர்த்தால் ஃபால்ட் கரன்ட் 56 வருகிறது. எங்கே தவறு?

சிப்காட்வாசி:
கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் யூனிட். 22 கேவி சப்ளை. 2000 கேவிஏ, 22 கேவி/433 வோல்ட் டிரான்ஸ்பார்மர் இரண்டு, இம்பீடன்ஸ் 6.25%, எல்டி பேனலில் இரண்டு செக்‌ஷன், நடுவில் இரண்டையும் இணைக்கும் பஸ் கப்ளர். இரண்டு இன்கமரும் (டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் பிரேக்கர்) கப்ளரும் சேர்ந்து எப்போதும் மூன்றில் இரண்டுதான் மூடும்படி இன்டர்லாக் இருக்கிறது. பேனல் 50 கேஏ (கிலோ ஆம்பியர்) ஷார்ட் சர்க்யூட் கரன்ட்டை 1 செகண்ட் தாங்கும். மின்வாரியம் கொடுத்த ஃபால்ட் லெவல் (சப்ளை பக்கத்தின் ஷார்ட் சர்க்யூட் அளவு) 350 எம்விஏ.

புது ரியாக்டர் பிளாக் வருவதால் ஷார்ட் சர்க்யூட் ஸ்டடி கேட்டிருக்கிறார்கள். இரண்டு செக்‌ஷனும் சேர்த்து 415 வோல்ட் மோட்டார்கள் மொத்தம் 1400 கிலோவாட். சாஃப்ட்வேரில் எல்லாவற்றையும் ஒரே மோட்டார் குரூப்பாகப் போட்டேன். பவர் ஃபாக்டர் 0.85, எஃபிஷியன்சி 0.93, ஸ்டார்ட்டிங் கரன்ட் 6 மடங்கு. பஸ்பார் ஃபால்ட் 55.6 கேஏ காட்டுகிறது. மோட்டார் இல்லாமல் 40.4.

மேலே இருப்பவர் "எல்டி மோட்டாரையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டாம்" என்கிறார். தாய் நிறுவனத்திலிருந்து வந்த அமெரிக்க ஸ்பெக்கில் மோட்டார் ரியாக்டன்ஸ் 0.20, 0.28 என்று இருக்கிறது. எதைப் பிடிப்பது? பேனலையே மாற்ற வேண்டுமா?

பழைய ரிலே:
தம்பி, பேனலை மாற்றும் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். ஆனால் "மோட்டாரை விட்டுவிடு" என்பதும் செல்லாது. அதற்கு ஐஇசி 60909-இல் (ஷார்ட் சர்க்யூட் கணக்குக்கான சர்வதேசத் தரம்) ஒரு வரம்பு இருக்கிறது: எல்டி மோட்டார்களின் ரேட்டட் கரன்ட் மொத்தமும், மோட்டார் இல்லாமல் வரும் ஃபால்ட் கரன்ட்டில் 1 சதவீதத்துக்குள் இருந்தால்தான் விடலாம். உனக்கு 40.4 கேஏ-வில் 1% என்றால் 404 ஆம்பியர். அது சுமார் 230 கிலோவாட்டிலேயே தாண்டிவிடும். ஆக உன் ஆலையில் மோட்டாரை விட முடியாது.

அமெரிக்க ஸ்பெக்கின் 0.20, 0.28 இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று பார். ஸ்டார்ட்டிங் கரன்ட் 6 மடங்கு என்றால் ரியாக்டன்ஸ் 0.167. 50 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள சாதாரண மோட்டாருக்கு அதை 1.2-ஆல் பெருக்கினால் 0.20. அதற்குக் கீழே 1.67-ஆல் பெருக்கினால் 0.28. இவை முதல் சைக்கிளுக்கான எண்கள். பிரேக்கர் கான்டாக்ட் பிரியும் நேரத்துக்குப் பெருக்கம் 3 ஆகும், சின்ன மோட்டார்கள் கணக்கிலேயே வராது. தன்னளவில் ஒழுங்கான முறைதான். ஆனால் அந்த 0.28-ஐ எடுத்து ஐஇசி கணக்கில் வோல்டேஜ் ஃபாக்டரோடு (வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டி வைக்கும் பெருக்கம்) சேர்த்துப் போட்டால் இரண்டு முறையும் கெட்டுவிடும். ஒன்றைத் தேர்ந்தெடு. பேனல் ஐஇசி 61439 என்ற எல்டி பேனல் தரத்தின்படி வாங்கியது என்றால் 60909-இலேயே இரு.

இப்போது உன் 1400 கிலோவாட். ஃபால்ட் விழும் நொடியில் பஸ்ஸோடு நேரடியாக இணைந்து சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் மட்டும்தான் கரன்ட்டைத் திருப்பி ஊட்டும். ரோட்டரில் சிக்கிய ஃப்ளக்ஸும் சுழற்சியும்தான் மூலம். நின்றுகொண்டிருக்கும் ஸ்டாண்ட்பை பம்புக்கு இரண்டும் இல்லை. ஆகவே முதலில் பிரித்துச் சொல்:

ஸ்டாண்ட்பை எவ்வளவு? அவற்றில் எது ஒன்று ஓடினால் மற்றது ஓட முடியாதபடி இன்டர்லாக் ஆனது, எது வெறும் பழக்கத்தால் நிற்கிறது? இன்டர்லாக் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே சமயத்தில் ஓடலாம், அதை ஸ்டாண்ட்பை என்று கழிக்கக் கூடாது. வி.எஃப்.டி-யில் (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) எவ்வளவு, அவற்றின் முன்பக்கம் டையோடு பிரிட்ஜா, லைனுக்குத் திருப்பி அனுப்பும் வகையா, பைபாஸ் (டிரைவைத் தாண்டிய நேரடி இணைப்பு) இருக்கிறதா? சாஃப்ட் ஸ்டார்ட்டர் எல்லாம் ஓடும்போது பைபாஸ் கான்டாக்டரில்தான் நிற்கும். அவற்றை நேரடி மோட்டாராகவே எண்ணு.

சிப்காட்வாசி:
நன்றி சார். பிரித்துவிட்டேன். இன்டர்லாக் உள்ள ஸ்டாண்ட்பை 380 கிலோவாட். வி.எஃப்.டி 290 கிலோவாட், எல்லாம் டையோடு பிரிட்ஜ், பைபாஸ் கிடையாது. நேரடி, ஸ்டார்-டெல்டா, சாஃப்ட் ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்த்து 730 கிலோவாட். இதில் கூலிங் டவர் ஃபேன் 75 கிலோவாட் இரண்டு. பெரிய மோட்டார்களின் டேட்டாஷீட்டில் 600% என்று இருக்கிறது. சின்னவற்றுக்கு எதுவும் கையில் இல்லை.

பழைய ரிலே:
டையோடு பிரிட்ஜ் வழியாகப் பின்னோக்கி எதுவும் வராது, 290-ஐ எடுத்துவிடு. மிச்சம் 730.

கணக்கு இப்படி. 730-ஐ 0.93 × 0.85-ஆல் வகுத்தால் 924 கேவிஏ. 415 வோல்ட்டில் 1285 ஆம்பியர். மோட்டார் இம்பீடன்ஸ் என்பது வோல்டேஜின் வர்க்கத்தை, கேவிஏ-வும் ஸ்டார்ட்டிங் மடங்கும் பெருக்கிய எண்ணால் வகுப்பது. டேட்டா இல்லாத எல்டி குரூப்புக்கு 5 மடங்கு எடுக்கச் சொல்கிறது ஐஇசி, அதற்கு 37.3 மில்லி ஓம் வரும். எல்டி வோல்டேஜ் ஃபாக்டர் 1.05 போட்டால் மோட்டார்கள் தருவது 6.75 கேஏ.

டிரான்ஸ்பார்மர் பக்கம்: 6.25%-க்கு 433 வோல்ட்டில் 5.86 மில்லி ஓம், கரெக்‌ஷன் ஃபாக்டர் 0.96 போட்டால் 5.64. 350 எம்விஏ சோர்ஸ் எல்டி பக்கம் வந்தால் 0.59. மொத்தம் 6.22 மில்லி ஓம், 40.4 கேஏ. உன் சாஃப்ட்வேரோடு ஒத்துப்போகிறது.

இரண்டையும் அப்படியே கூட்டாதே. எல்டி மோட்டார் குரூப்பின் ஆர்/எக்ஸ் (ரெசிஸ்டன்ஸுக்கும் ரியாக்டன்ஸுக்கும் உள்ள விகிதம்) 0.42, கோணம் 67 டிகிரி. டிரான்ஸ்பார்மர் பக்கம் 81 டிகிரி. கோணத்தோடு கூட்டினால் 47 கேஏ.

ஆனால் உன் பெரிய மோட்டார்களுக்கு 600% என்று டேட்டாஷீட்டே இருக்கும்போது 5 என்று போட்டுத் தப்பிக்க முடியாது. 5 என்பது எதுவும் தெரியாதவனுக்கான எண். எல்லாவற்றுக்கும் 6 போட்டால் மோட்டார் 8.1 கேஏ, மொத்தம் 48.3. டேட்டாஷீட்டின் அடியில் "ஐஎஸ் டாலரன்சுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருக்கும், பார். ஸ்டார்ட்டிங் கரன்ட்டுக்கு அந்த டாலரன்ஸ் 20% வரை கூடுதல். டெஸ்ட் ரிப்போர்ட் கிடைத்தால் அதைப் போடு. ஐஇ3 (உயர் எஃபிஷியன்சி வகை) மோட்டார்களில் இந்த மடங்கு பழைய மோட்டார்களைவிடக் கூடவே இருக்கும், புது பிளாக்கில் அதுதான் வரப்போகிறது.

எம்சிசி (மோட்டார் கன்ட்ரோல் சென்டர்) வரை போகும் கேபிளை மாடலில் போட்டால் நிறைய குறையுமே என்று சிலர் கேட்பார்கள். 300 சதுர மி.மீ அலுமினியம் மூன்று ரன், 60 மீட்டர் என்றால் 2 மில்லி ஓம் சொச்சம். நூறு மில்லி ஓமுக்கு மேல் இருக்கும் ஒரு எம்சிசி குரூப்புக்கு முன்னால் அது ஒன்றும் பெரிதல்ல. 0.42 என்பதிலேயே மோட்டார் கேபிள்கள் அடக்கம்.

வில்லியனூர் வோல்ட்:
47, 48 என்று 50-க்குள் வந்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம். ஆர்எம்எஸ் ஒரு பக்கம், பீக் (முதல் அரை சைக்கிளில் கரன்ட் தொடும் உச்சம்) இன்னொரு பக்கம்.

50 கேஏ பேனல் என்றால் ஐஇசி 61439-இன் டேபிள்படி பீக் 2.1 மடங்கு, அதாவது 105 கேஏ. அந்த 2.1 வருவது பவர் ஃபாக்டர் 0.25 உள்ள டெஸ்ட் சர்க்யூட்டிலிருந்து. உங்கள் பஸ்ஸில் 2000 கேவிஏ டிரான்ஸ்பார்மர் நேராக உட்கார்ந்திருக்கிறது. லோடு லாஸ் 20 கிலோவாட் அளவில் இருந்தால் ஆர்/எக்ஸ் 0.156, பீக் ஃபாக்டர் 1.63. டெஸ்ட் சர்க்யூட்டைவிட டிசி கூறு மெதுவாக அடங்கும்.

40.4 × 1.414 × 1.63, தசமங்களைச் சுருக்காமல் போட்டால் 93.4 கேஏ.
மோட்டார், பீக் ஃபாக்டர் 1.3: 5 மடங்குக்கு 12.4, 6 மடங்குக்கு 14.9 கேஏ.
மொத்தம் 105.8 அல்லது 108.3.

ஆக ஆர்எம்எஸ்ஸில் பாஸ், பீக்கில் ஃபெயில். மோட்டார் கரன்ட் சில சைக்கிள்களில் செத்துவிடும், 1 செகண்ட் ரேட்டிங்குக்கு அது பொருட்டே அல்ல. முதல் அரை சைக்கிளில் பஸ்பாரைப் பிரித்து இழுக்கும் விசைக்குத்தான் அது வேலை வைக்கிறது.

பயப்படவும் தேவையில்லை. விசை பீக்கின் வர்க்கத்தில் போகும், 108.3 என்றால் 105-ஐவிட 6% கூடுதல். பேனல் வெடித்துவிடாது. ஆனால் ரிப்போர்ட்டில் "போதுமானது" என்று கையெழுத்துப் போட முடியாது. கடலோர ஆலை வேறு. உப்புக்காற்றில் போல்ட்டும் சப்போர்ட்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஷட்டவுனில் திறந்து பார்த்தால்தான் தெரியும். டைப் டெஸ்ட் என்பது புதுப் பேனலுக்குச் செய்தது.

இன்னொரு விஷயம், எந்தக் கருவிக்கு எந்த எண் என்பது. 48 கேஏ முழுதும் பஸ்பாருக்கு. இன்கமர் ஏசிபி (ஏர் சர்க்யூட் பிரேக்கர்) அதைப் பார்ப்பதே இல்லை. பஸ்ஸில் ஃபால்ட் என்றால் இன்கமர் வழியாகப் போவது டிரான்ஸ்பார்மரின் 40.4 மட்டும். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஃபால்ட் என்றால் மோட்டார்களின் 8 மட்டும். வெளியே போகும் ஃபீடர் பிரேக்கருக்கு டிரான்ஸ்பார்மரும், தன் ஃபீடரில் இல்லாத மற்ற மோட்டார்களும். சாஃப்ட்வேர் "பஸ் ஃபால்ட்" எண்ணை எடுத்து எல்லாப் பிரேக்கருக்கு நேராகவும் எழுதிவிடும். அதை அப்படியே விட்டால் நல்ல இன்கமரையும் மாற்றச் சொல்லி ரிப்போர்ட் போகும்.

அப்புறம் ரிலே செட்டிங். எம்சிசிக்குப் போகும் ஏசிபியில் இன்ஸ்டன்டேனியஸ் (உடனடி டிரிப்) செட்டிங்கைக் குறைவாக வைத்திருந்தால், பக்கத்து ஃபீடரில் ஃபால்ட் விழும்போது இந்த எம்சிசியின் மோட்டார்கள் பின்னோக்கி ஊட்டுவதைப் பார்த்து இதுவும் சேர்ந்து டிரிப் ஆகும். டைரக்‌ஷன் தெரியாத ரிலீசுக்கு முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒன்றுதான்.

உப்பளம் 415:
எதற்கு இவ்வளவு? எல்டியில் மோட்டார் ஃபுல் லோடு கரன்ட்டை 4-ஆல் பெருக்கிக் கூட்டினால் போதும் என்பதுதானே காலங்காலமாக நடக்கிறது. 1285 × 4 = 5.1 கேஏ. முடிந்தது.

வில்லியனூர் வோல்ட்:
முதல் மதிப்பீட்டுக்கு அது நல்ல எண்தான், குறை சொல்லவில்லை. பேனல் 65 கேஏ-வாக இருந்திருந்தால் நானும் அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அது பீக்கைப் பற்றி எதுவும் சொல்லாது, வி.எஃப்.டி எது ஸ்டாண்ட்பை எது என்று கேட்காது. விளிம்பில் நிற்கும் பேனலுக்கு அது பற்றாது.

சேதராப்பட்டு ஸ்லிப்ரிங்:
இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்களிடம் 6.6 கேவி, 900 கிலோவாட், 4 போல் மோட்டார். முதலில் 629 ஆம்பியர் ஊட்டுகிறது என்று காட்டும் ஈடேப் சாஃப்ட்வேர், பிரேக்கிங் கரன்ட்டில் (பிரேக்கர் கான்டாக்ட் பிரியும் நேரத்து கரன்ட்) 340 என்கிறது. கிட்டத்தட்ட பாதியாகிறது. மாடலில் ஏதோ தவறு என்கிறார்கள்.

பழைய ரிலே:
தவறில்லை, சரியாகத்தான் வருகிறது. பிரேக்கிங் கரன்ட்டுக்கு ஆரம்ப கரன்ட்டை மியூ, க்யூ என்ற இரண்டு குறைப்பு எண்களால் பெருக்க வேண்டும். 0.05 செகண்டுக்கு:

மியூ = 0.71 + 0.51 × (இ-யின் அடுக்கு −0.30 × ஆரம்ப மடங்கு). உன் மோட்டார் 6 மடங்கு, வோல்டேஜ் ஃபாக்டர் 1.1, ஆக 6.6. மியூ 0.78.
க்யூ = 0.79 + 0.12 × (ஒரு ஜோடி போலுக்கு எத்தனை மெகாவாட் என்பதன் இயல் மடக்கை). 900 கிலோவாட், இரண்டு ஜோடி, 0.45 மெகாவாட். க்யூ 0.69.

பெருக்கினால் 0.54. 629 × 0.54 = 340. 0.10 செகண்டுக்குப் போனால் 0.335, அதாவது 211 ஆம்பியர்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் போல் எண்ணிக்கை. அதே 900 கிலோவாட் 2 போலாக இருந்தால் க்யூ 0.78 ஆகிவிடும், கரன்ட் மெதுவாக அடங்கும். லைப்ரரியிலிருந்து மோட்டாரை இழுத்துப் போடும்போது போல் 4 என்றே நின்றுவிடும், நேம்பிளேட் ஆர்பிஎம் பார்த்துத் திருத்த வேண்டும். ஆர்/எக்ஸ்ஸும் அதையொட்டித்தான்: ஜோடிக்கு 1 மெகாவாட்டுக்குக் கீழே 0.15, அதற்கு மேல் 0.10.

0.05-ஆ 0.10-ஆ என்பது ஃபால்ட் தொடங்கியதிலிருந்து முதல் கான்டாக்ட் பிரியும் வரை ஆகும் மிகக் குறைந்த நேரம். ரிலே நேரமும் பிரேக்கர் திறக்கும் நேரமும் சேர்த்தது. ஆர்க் அணையும் நேரம் இதில் வராது. 70 மில்லி செகண்ட் வந்தால் 0.05-ஐயே வைத்துக்கொள், கொஞ்சம் கூடுதலாக வரும், பாதகமில்லை.

ஸ்லிப்ரிங் மோட்டார் என்றால், ஓடும்போது ரோட்டர் ரெசிஸ்டன்ஸ் முழுதும் ஷார்ட் ஆன நிலையில் உள்ள இம்பீடன்ஸைப் போடு. ரெசிஸ்டன்ஸோடு ஸ்டார்ட் ஆகும் கரன்ட்டை, 2 மடங்கு 2.5 மடங்கு என்பதை, எடுத்துப் போட்டால் பங்களிப்பு பாதிக்கும் கீழே போய்விடும். பெயரைப் பார்த்ததால் சொல்கிறேன்.

சேதராப்பட்டு ஸ்லிப்ரிங்:
பெயரே காட்டிக்கொடுத்துவிட்டது. 2.5 போட்ட மோட்டார் இன்னொன்று இருக்கிறது, திருத்துகிறேன். ரீஜெனரேட்டிவ் டிரைவ் ஒன்றும் உண்டு, அதை எப்படிப் போடுவது?

பழைய ரிலே:
லைனுக்குத் திருப்பி அனுப்பும் கன்வர்ட்டர் டிரைவை 3 மடங்கு, ஆர்/எக்ஸ் 0.10 என்று போடு. ஆரம்ப கரன்ட்டுக்கும் பீக்குக்கும் மட்டும் கணக்கு. பிரேக்கிங் கரன்ட்டில் பூஜ்யம். அதுவும் மூன்று ஃபேஸ் ஃபால்ட்டுக்கு மட்டும்.

ஃபேஸ்-எர்த் ஃபால்ட்டில் சாதாரண மோட்டாரை மறந்துவிடாதீர்கள். ஸ்டார் பாயின்ட் எர்த் ஆகாததால் ஜீரோ சீக்வென்ஸ் மட்டும்தான் அறுந்திருக்கும். பாசிட்டிவ், நெகட்டிவ் சீக்வென்ஸ் இரண்டிலும் மோட்டார் இருக்கிறது. மினிமம் ஃபால்ட் பார்க்கும்போது, அதாவது ரிலே பிக்கப் ஆகுமா என்று சோதிக்கும்போது, மோட்டார்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

சிப்காட்வாசி:
பேப்பர்களைத் தேடி எடுத்தேன். டிரான்ஸ்பார்மர் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் ஒன்று 6.5%, மற்றது 6.3%. பேனலின் டைப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் பீக் 105 கேஏ என்றே இருக்கிறது, அதற்கு மேல் இல்லை. கப்ளர் திறந்திருக்கும்போது மோட்டார்கள் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடுவதால் எந்தச் செக்‌ஷனும் 105-ஐத் தாண்டவில்லை. ஒரு டிரான்ஸ்பார்மர் நின்று கப்ளர் மூடும்போதுதான் சிக்கல்.

வில்லியனூர் வோல்ட்:
நேம்பிளேட்டின் 6.25-க்குப் பதில் சர்டிஃபிகேட் எண்ணைப் பிடித்தது நல்லது. அதற்கு 10% வரை டாலரன்ஸ் உண்டு. உங்களுக்கு 5.9% வந்திருந்தால் பீக் 110-ஐத் தாண்டியிருக்கும். குறைந்ததை எடுங்கள், 6.3%. டிரான்ஸ்பார்மர் பக்கம் 40.1 கேஏ, பீக் 92.8. மோட்டார் 6 மடங்குக்கு 14.9. மொத்தம் 107.7.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 105-இல் 92.8 போனால் மோட்டாருக்கு மிச்சம் 12.2 கேஏ பீக். 730 கிலோவாட் 14.9 தருகிறது என்றால் 12.2-க்குச் சுமார் 600 கிலோவாட். கப்ளர் மூடியிருக்கும்போது நேரடி மோட்டார் 600 கிலோவாட்டுக்கு மேல் ஓடக் கூடாது.

அந்த இரண்டு கூலிங் டவர் ஃபேனையும் டையோடு பிரிட்ஜ் வி.எஃப்.டிக்கு மாற்றினால் 150 குறைந்து 580 ஆகும். பீக் 104.6. ஃபேன் லோடு என்பதால் மின்சாரச் செலவைக் காட்டியும் அதற்கு அனுமதி வாங்கலாம். கூடவே பேனல் தயாரித்தவரிடம் பஸ்பார் சப்போர்ட் இடைவெளியைக் குறைத்து, எவ்வளவு பீக்குக்குத் தாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடித்தது, 0.4 கேஏ இடைவெளியை நம்பி ஆலை ஓட்டுவதைவிட. புது பிளாக்கின் மோட்டார்களை இந்தப் பேனலில் ஏற்றும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள், தனி டிரான்ஸ்பார்மர்தான்.

350 எம்விஏ என்பதையும் வாரியத்திடம் கடிதமாக வாங்குங்கள், தேதியோடு. சப்ஸ்டேஷனில் இன்னொரு டிரான்ஸ்பார்மர் ஏறினால் அந்த எண் ஏறும். 22 கேவி பிரேக்கர் 25 கேஏ என்றால் அதன் உச்சம் 953 எம்விஏ, பழைய 6.25%-க்கே அந்த எண்ணைப் போட்டால் டிரான்ஸ்பார்மர் பக்கம் மட்டும் 43 கேஏ, மோட்டாரே இல்லாமல் பீக் 99.

பழைய ரிலே:
ஃபேன் வி.எஃப்.டி ஆர்டர் போடும்போது ஒன்றைக் கவனி தம்பி. கொட்டேஷனில் "பைபாஸ் உடன்" என்று ஒரு வரி தானாகவே வந்து உட்காரும், டிரைவ் பழுதானாலும் ஃபேன் ஓட வேண்டும் என்று. மெயின்டனன்ஸ்காரர்கள் அதைக் கேட்டே வாங்குவார்கள். பைபாஸ் கான்டாக்டர் மூடிய நிமிடம் அது மறுபடியும் 75 கிலோவாட் நேரடி மோட்டார், மொத்தம் 655, உன் பீக் 106-க்கு மேல். பைபாஸ் இல்லாமல் வாங்கு, அல்லது கப்ளர் மூடியிருந்தால் பைபாஸ் எடுக்காதபடி கப்ளரின் ஆக்சிலரி கான்டாக்டை அந்தச் சர்க்யூட்டில் இன்டர்லாக்காகக் கொடு. மாடலிலும் கப்ளர் மூடியது, திறந்தது என்று இரண்டு கான்ஃபிகரேஷன் தனித்தனியாக வைத்து, ஸ்டாண்ட்பை மோட்டார்களை ஒவ்வொன்றிலும் "ஸ்பேர்" என்று குறி. அழித்துவிடாதே, அடுத்த முறை ஸ்டடி செய்பவர் அவை எங்கே போயின என்று தேடுவார்.